பிடிபடாத பெடல்

ஏப்ரல் 15, சனி

இந்தக் கொப்பியில் காரைப் பற்றி மட்டும் எழுதுவதென்று முடிவு. வீட்டுக் கதை, வேலைக் கதை, என்னுடைய சீனி வருத்தக் (நீரிழிவு) கதை எதற்கும் இதில் இடமில்லை. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது விட்டுப்போன கொப்பி. முதல் நாலு பக்கமும் இரசாயனம், கிழித்துவிட்டேன்.

கார் அகப்பட்டுவிட்டது! மூன்று வருடமாக நானும் பொனிப்பஸும் சனிக்கிழமைகளில் ஒன்ராறியோவின் வைக்கோல் கொட்டில்களை ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்துக்கொண்டு திரிந்தோம். போன வருடம் ஒரு நாய் பொனிப்பஸின் காற்சட்டையைக் கிழித்தது. இன்று லின்ட்சேக்கு அங்கால் ஒரு பண்ணையில், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால், நிற்கிறது. 1970 பிளிமத் டஸ்ரர். எட்டு சிலிண்டர், முந்நூற்று நாற்பது கன அங்குல எஞ்சின், கையால் மாற்றும் நாலு கியர். பின் சீற்றில் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. பண்ணைக்காரர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: ஓட்டப்போகிறீர்களா, துடைத்துத் துடைத்துப் பார்க்கப்போகிறீர்களா? ஓட்டத்தான் என்றோம். சரி கொண்டுபோங்கள் என்றார்.

பொனிப்பஸ் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரன். ஸ்காபரோவில் சொந்த கராஜ் வைத்திருக்கிறான். இருபத்தெட்டு வருடச் சிநேகிதம். நான் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்க்கிறவன். அவன் பூட்டுவான், நான் அளப்பேன். சண்டை பிடிக்காமல் எங்களிருவருக்கும் ஒரு போல்ற் இறுகாது.

செப்ரெம்பர் 16 அன்று பழைய அமெரிக்கக் கார்களுக்கென்று ஓர் ஓட்ட நாள் இருக்கிறது. நேரான கால் மைல் தடம். இன்றைக்கே பதிந்துவிட்டோம். ஓட்டுநர்: தயாபரன். பதினாலு செக்கனுக்குக் கிட்ட ஓட வேண்டும். ஐம்பத்தேழு வயதில் எனக்கு வேறு ஆசை இல்லை.

மலருக்குச் சொன்னேன். "டஸ்ரரோ? கரும்பலகை அழிக்கிறதுக்கோ?" என்று கேட்டாள். மலர் என் மனைவி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். வேகமாகப் போகிற எதுவும் அவளுக்குப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்து வலது சப்பாத்தைக் கழற்றினால் உள்ளிருந்து ஒரு நட்டு விழுகிறது. காலையில் கராஜில் விழுந்திருக்க வேண்டும். நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறேன். நல்ல சப்பாத்து, அடி நல்ல தடிப்பு. இதே வகையில் இன்னொரு சோடி வாங்க வேண்டும்.

ஏப்ரல் 29, சனி

தரைத் தகடு கறள் பிடித்து ஓட்டை. சாரதி இருக்கையின் கீழ் நிலம் தெரிகிறது. பொனிப்பஸ் வெட்டினான், நான் அளந்தேன், அவன் ஒட்டினான், நான் குறை சொன்னேன்.

திட்டம்: முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக். புது எக்சோஸ் குழாய்கள். எலக்ட்ரோனிக் பற்றவைப்பு. நாலு வாய் காபரேற்றர் அதேதான், கழற்றிக் கழுவிப் பூட்டுவது.

பொனிப்பஸ் ஒரு மடத்தனமான கதை சொன்னான். "மச்சான், கியர்பெட்டியை ஓட்டோமற்றிக் ஆக்குவமோ? கடைசிக் காலத்திலை காலுக்குச் சுகம்."

"ஓட்டோமற்றிக்கிலை போறதெண்டால் நான் மலரின்ரை பஸ்ஸிலை போவன்," என்றேன்.

அதை அவன் மலரிடம் போய்ச் சொல்லிவிட்டான். இரவுச் சாப்பாட்டுக்குச் சம்பல் வைக்கவில்லை.

மே 13, சனி

எஞ்சினைத் திறந்தோம். ஐம்பது வருடத்துக்கு இவ்வளவு நல்ல சிலிண்டர் சுவரை நான் எதிர்பார்க்கவில்லை. அளந்தேன். எட்டும் ஒரே அளவு. பெருவிரலால் தடவினாலே எனக்குத் தெரியும், கருவி சும்மா சாட்சிக்குத்தான்.

மலர்தான் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். இப்போதெல்லாம் எங்கள் வான் வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். வண்டித் திறப்பை நான் எடுக்கப் போனால், அது ஏற்கெனவே அவளுடைய கைப்பைக்குள் இருக்கிறது. கிழமையில் ஐந்து நாள் பஸ் ஓட்டிய பிறகும் கை சும்மா இராது போல.

மே 14, ஞாயிறு

அன்னையர் தினம். எலி நாற்றம் இன்னும் போகவில்லை.

ஜூன் 10, சனி

எஞ்சின் எழும்பிவிட்டது! பின்னேரம் மூன்று பத்துக்கு. முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு சிவந்த நெருப்பு, பிறகு கராஜின் தகரக் கூரை முழுக்க அதிர்ந்தது. பக்கத்து ரயர்க் கடைச் சீனன் ஓடிவந்து பார்த்துவிட்டுக் கை தட்டினான். பொனிப்பஸ் சிலுவை போட்டுக்கொண்டான். நான் வெளியே போய் நின்று கண்ணைத் துடைத்தேன்.

இந்தக் கிறுக்கு ஏன் என்று மகள் ஒருமுறை கேட்டாள். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். தொடக்கி விடுவதற்கு மட்டும் பெற்றோல். அதையும் ஊசிக்குழாயில் எடுத்துக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விடுவோம். புகையைக் கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, சைக்கிள்காரன் முந்திப்போகிற மாதிரி ஓடும். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வேகமாகப் போக வேண்டிய வயதில் நான் வேகமாகப் போகவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஜூன் 24, சனி

முதல் ஓட்டம். தொழிற்பேட்டை வீதியில், சனிக்கிழமை ஆளில்லாத நேரம்.

கார் தங்கம். ஒரு குறைதான். அக்சிலேற்றர் பெடல் ஒட்டுகிறது. நான் காலை எடுத்த பிறகும் எஞ்சின் இரைகிறது. மிதிக்கும்போதும் அப்படித்தான், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு ஒரேயடியாகப் பாய்கிறது. நடு என்பதே இல்லை.

பொனிப்பஸ் ஓட்டிப் பார்த்தான். "ஒண்டும் இல்லையே, மச்சான். வடிவா வருது."

அவன் கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி ஓட்டுகிறான். அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 28, புதன்

இரண்டாவது ஸ்பிரிங் ஒன்று போடச் சொன்னேன். போட்டான். ஒட்டுகிறது.

ஜூலை 2, ஞாயிறு

கேபிள் மாற்றினோம். புதியது, உள்ளே எண்ணெய் தடவியது. ஒட்டுகிறது.

ஜூலை 8, சனி

காபரேற்றரை மறுபடியும் கழற்றினோம். நாலு வாய்த் தகடுகளும் கண்ணாடி மாதிரி. அச்சை அளந்தேன். தேய்வு இல்லை. பூட்டினோம். பொனிப்பஸ் ஓட்டினால் ஒட்டவில்லை, நான் ஓட்டினால் ஒட்டுகிறது. இது என்ன மாயமோ தெரியாது.

பெடலின் றப்பரை மாற்றி, வரி வரியாகச் செதுக்கிய அலுமினியத் தகடு பூட்டினோம். கால் பிடிக்கும் என்று. மூன்றாவது ஸ்பிரிங்கும் போட்டாயிற்று. இப்போது பெடல் கல் மாதிரி இருக்கிறது என்று பொனிப்பஸ் முணுமுணுத்தான். எனக்கு அப்படித் தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மலர் கீரை ஆய்ந்தபடி, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று கேட்டேன். அவள் அடுத்த கீரைப் பிடியை எடுத்தாள். பக்கத்து வீட்டு நடனப் பள்ளிக்காரியுடன் அவளுக்கு ஏதோ மனஸ்தாபம் என்று நினைக்கிறேன்.

ஜூலை 15, சனி

ஒரு யோசனை. தடித்த சப்பாத்துத்தான் பிரச்சினையோ? வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தேன். இன்னும் மோசம்.

எக்சோஸ் குழாய் தரைத் தகட்டுக்கு மிகவும் கிட்டப் போகிறது. வெப்பம் தடுக்கும் தகடு போட வேண்டும். வீட்டில் காலைக் கழுவும்போதுதான் பார்த்தேன், வலது குதியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு கொப்புளம். மலரும் பார்த்துவிட்டாள்.

"இது சுடேல்லையே உங்களுக்கு?"

"வேலை மும்முரத்திலை கவனிக்கேல்லை."

"கொப்புளம் வருமட்டும் கவனிக்கேல்லையோ?"

"நீர் சும்மா இரும்."

அவள் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு நேரம் எடுத்துவிட்டாள்.

ஜூலை 21, வெள்ளி

கிளினிக். கொப்பியின் சட்டப்படி இதை எழுதக் கூடாது. ஆனாலும் ஒரு வேடிக்கை நடந்தது.

தாதிப் பிள்ளை எங்கள் ஆள், இணுவில் ஊர்க்காரி. ஒரு நைலோன் நூலை எடுத்து வைத்துக்கொண்டு, "அங்கிள், கண்ணை மூடுங்கோ. இந்த நூல் காலிலை படேக்கை 'ஓம்' எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

நான் கண்ணை முழுதாக மூடவில்லை. சோதிக்கிறவரைப் பார்க்காமல் இருக்க எனக்கு ஏலாது. முப்பது வருடத் தொழில் அப்படி. அவளுடைய முழங்கை அசையும்போதெல்லாம் 'ஓம்' என்றேன். பத்துக்கு ஒன்பது! "அங்கிள், கால் பறவாயில்லை," என்றாள்.

மலர் வெளியே காத்திருந்தாள். பத்துக்கு ஒன்பது என்றேன். அவள் என் முகத்தைக் கனநேரம் பார்த்தாள். வாழ்த்துச் சொல்லவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்கள். என் நிலைமை அதுதான். விடிந்தால் பெடல், பொழுதுபட்டால் பெடல். வேலையிடத்தில் இரண்டு பெட்டி நல்ல பாகங்களைக் கழிவுக்கு அனுப்பிவிட்டேன், யோசனை முழுக்க அங்கே. இன்னும் ஏழு கிழமை. பெடல் முழுவதையும் வெட்டிப் புதிதாக ஒன்று செய்தால் என்ன?

ஓகஸ்ட் 5, சனி

பெடல் ஒட்டிவிட்டது. பொனிப்பஸுக்கு முழங்காலில் அடி. முறிவு இல்லை. எழுத மனமில்லை.

ஓகஸ்ட் 6, ஞாயிறு

நடந்தது இதுதான். காரை கராஜுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். பொனிப்பஸ் முன்னால் நின்று, "வா, வா, வா, போதும்," என்று கை காட்டினான். நான் பிரேக்கை மிதித்தேன். கார் பாய்ந்தது. அவன் ரயர் அடுக்கின் பக்கம் குதித்தான், பம்பர் அவனுடைய வலது முழங்காலைத் தட்டியது. கார் போய் வேலை மேசையில் இடித்து நின்றது. ஒரு அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால் அவன் மேசைக்கும் பம்பருக்கும் நடுவில்.

பெடல் ஒட்டிவிட்டதென்று சொன்னேன். அவன் நிலத்தில் இருந்தபடி, வலியோடு, "எஞ்சினை நிப்பாட்டு, எஞ்சினை நிப்பாட்டு," என்றான். ஆஸ்பத்திரிக்கு மலர் கொண்டுபோனாள்.

ஓகஸ்ட் 12, சனி

கராஜுக்குப் போனேன். பொனிப்பஸ் ஊன்றுகோலோடு நிற்கிறான். காரின் முன்பக்கம் முழுவதும் துண்டு துண்டாக மேசையில். கேபிள், மூன்று ஸ்பிரிங், காபரேற்றர், பெடல், அதன் அச்சு, எல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக.

"மச்சான், உன்ரை பிழை இல்லை," என்றான். "என்ரை பிழை. கேபிளை நான்தான் பூட்டினனான். எங்கையோ பிசகிப்போச்சு. எங்கை எண்டுதான் எனக்குப் பிடிபடேல்லை."

"விடு, மச்சான். பழைய கார்."

"என்னண்டு விடுறது? நீ உள்ளுக்கை இருந்தனி. தடத்திலை நூறு மைல் வேகத்திலை ஒட்டியிருந்தால்? மலருக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

நான் தேத்தண்ணி வாங்கிவரப் போனேன்.

ஓகஸ்ட் 17, வியாழன்

வேலை முடிந்து வரும் வழியில் இறங்கினேன். பொனிப்பஸ் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறான். கண் பரிசோதனைக்குப் போனானாம். கண்ணில் பெரிய மாற்றம் இல்லை என்று வைத்தியர் சொல்லியும், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்தானாம்.

ஒரு பொம்பிளை பிரேக் வேலைக்கு வந்தாள். அவளுடைய காரின் பின்னால் இரண்டு குழந்தை இருக்கைகள். பொனிப்பஸ் அவளை வேறு கராஜுக்கு அனுப்பிவிட்டான். இந்தக் கிழமை இது ஐந்தாவது. எண்ணெய் மாற்றுகிறான், மின்விளக்கு மாற்றுகிறான். பிரேக்கைத் தொடுகிறானில்லை.

"கை விட்டுப்போச்சு, மச்சான்," என்றான். "அறுபது வயசாகப்போகுது. ஆரையாவது கொல்லமுந்தி நிப்பாட்டவேணும்."

இரவு கோப்பையில் பாதியை அப்படியே விட்டேன். மலர் கறி சரியில்லையோ என்று கேட்டாள். கறி நன்றாகத்தான் இருந்தது.

ஓகஸ்ட் 20, ஞாயிறு

பொனிப்பஸ் கண்ணாடி வாங்கின கதையை மலரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் காரின் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அவள் அடுப்பை நிற்பாட்டினாள்.

"இஞ்சாருங்கோ. மார்ச் மாசத்திலை இருந்து எங்கடை வானை ஏன் நான் ஓட்டுறன் எண்டு நினைச்சீங்கள்?"

"உமக்கு ஓட்ட விருப்பம்."

"எனக்கோ? நாள் முழுக்க அறுபது பிள்ளையளை ஏத்தி இறக்கிப்போட்டு வந்து? நீங்கள் ஒருநாள் சிவப்பு லைற்றிலை நிக்கேக்கை எஞ்சினை இரையவிட்டுக்கொண்டு நிண்டனீங்கள். 'கால் பெடலிலை இருக்கு' எண்டன். 'இல்லை' எண்டனீங்கள். குனிஞ்சு பாத்தன். இருந்தது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் கேபிளை மாத்தினீங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. எழும்பி வெளியே போய்விட்டேன். பூங்காவைச் சுற்றி நாலு தரம் நடந்தேன். கால் நோகவில்லை. நாலு தரம் நடந்தும் கால் நோகவில்லை என்று முன்பென்றால் பெருமையாக எழுதியிருப்பேன்.

ஓகஸ்ட் 23, புதன்

மலர் கடைக்குப் போன நேரம். குளியலறைத் தரையில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் ஏழு வாஷரை எறிந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு மேலே நின்றேன். இம்முறை இறுக்கித்தான் கட்டினேன்.

வேலையிடத்தில் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். அப்போதுதான் கை ஓடும்.

பாகம்: வலது கால், பாதம்.
எதிர்பார்ப்பது: காலடியில் கிடக்கும் பொருளை உணர்தல்.
கண்டது: இரண்டு வாஷர் குதியின் கீழ். இரண்டு விரல்களின் கீழ். ஒன்று பெருவிரலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் செருகி நின்றது. மற்ற இரண்டும் காலுக்கு வெளியே. ஒன்றும் தெரியவில்லை.
முடிவு: கழிவு.

பெருவிரலால் தடவி மயிரிழைத் தேய்வைச் சொல்கிறவன் நான். ஆனால் அது கைப் பெருவிரல்.

ஐந்தாம் திகதி நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கார் மேசையில் இடித்து நின்றபிறகு குனிந்து பார்த்தேன். என் சப்பாத்து பிரேக்கின் மேல் இருக்கவில்லை. அக்சிலேற்றரின் மேல் இருந்தது, நல்லா மிதித்தபடி. பொனிப்பஸ் நிலத்தில் கிடந்து கத்திக்கொண்டிருந்தான். நான் காலைத் தூக்கி எடுத்துவிட்டு, பெடல் ஒட்டிவிட்டது என்று சொன்னேன். முதலில் காலை எடுத்தேன், பிறகுதான் சொன்னேன். அந்த ஒழுங்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஓகஸ்ட் 26, சனி

சொல்லப் போனேன். பொனிப்பஸ் பெடல் அச்சைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தான். மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 29, செவ்வாய்

வேறு கராஜ்காரன் ஒருவன் பொனிப்பஸின் கார் தூக்கும் லிஃப்ற்றைப் பார்க்க வந்தானாம். விலைக்கு. மலருக்குப் பொனிப்பஸின் மனைவி சொன்னாள்.

செப்ரெம்பர் 2, சனி

மலர் வானைக் கராஜின் வாசலில் நிறுத்தினாள். "நான் இதிலை இருக்கிறன்," என்றாள். வான் கதவைத் திறந்து நான் இறங்குமட்டும் முன்னாலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பொனிப்பஸ் மட்டும். வெள்ளைத் துணியில் அதே பாகங்கள்.

"பொனி, கேபிளிலை பிழை இல்லை."

"இருக்கு. நான் இன்னும் கண்டுபிடிக்கேல்லை."

"பிழை என்ரை காலிலை. எனக்குக் கால் விறைச்சுப்போச்சு. சீனியாலை. பெடல் எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியிறேல்லை. அண்டைக்கு நான் பிரேக் எண்டு நினைச்சு அக்சிலேற்றரை மிதிச்சனான்."

அவன் கையிலிருந்த பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

பத்து நாளைக்கு முன்பு என்று சொல்லியிருக்கலாம். வாஷர் சோதனை அன்றுதானே. வாய் வரைக்கும் வந்தது.

"அண்டைக்கே," என்றேன். "குனிஞ்சு பாத்தனான். கால் அதிலைதான் இருந்தது. எடுத்துப்போட்டுத்தான் உனக்குச் சொன்னனான்."

முழங்காலுக்காக ஏசுவான் என்று நினைத்தேன். மூன்று ஸ்பிரிங்குக்காக, ஒரு கேபிளுக்காக, ஒரு கோடை காலத்துக்காக. அவன் முழங்காலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு கையையும் விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். கறுப்பு எண்ணெய் ஏறிய கைகள்.

"நாலு கிழமை," என்றான். "நாலு கிழமை நான் இதைப் பாத்துக்கொண்டு இருந்தனான், தயாபரன். காலமை எழும்பி இதைத்தான் பாக்கிறது. ஆட்டம் இருக்கோ, நடுக்கம் இருக்கோ எண்டு. என்ரை மனிசி இதைப் பிடிச்சுக்கொண்டு அழுதவள். நீ வந்து தேத்தண்ணி வாங்கித் தந்துபோட்டுப் போனனி."

இருபத்தெட்டு வருடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை.

"மன்னிச்சுக்கொள்," என்றேன்.

"பதினாறாம் திகதி நான் ஓடுறன். நீ அங்கை வராதை."

"சரி."

"போ."

வெளியே வந்தேன். வானின் கதவைத் திறக்கக் கை வரவில்லை, அப்படியே நின்றேன். வெயில் நல்ல காட்டம். கராஜுக்குள் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு காற்றுக் குழாய் சீறியது, போல்ற் இறுக்கும் துப்பாக்கி 'டர்ர்' என்று ஒருமுறை, இன்னொருமுறை. அவன் பூட்டத் தொடங்கிவிட்டான். நான் எவ்வளவு கேவலமானவன் என்று நினைத்துக்கொண்டும், அந்தச் சத்தத்தில் மனம் குளிர்ந்துகொண்டும் நின்றேன்.

மலர் கண்ணாடியை இறக்கினாள். "சொன்னனீங்களோ?"

"ஓம்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

"ஏறுங்கோ," என்றாள்.

செப்ரெம்பர் 8, வெள்ளி

மறுபடி கிளினிக். அதே இணுவில் பிள்ளை. முதல்தரம் நான் கள்ளமாகப் பார்த்ததைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. "எங்கடை ஆக்கள் பரீட்சை எண்டால் வருத்தத்திலையும் பாஸாகப் பாப்பினம்," என்றாள். வைத்தியர் போக்குவரத்து அமைச்சுக்குப் படிவம் நிரப்பி அனுப்புகிறார். சாரதி அனுமதிப்பத்திரம் இப்போதைக்கு இல்லை. காலுக்குத் தினமும் எண்ணெய், தினமும் விரல்களுக்கு நடுவில் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

விரலிடுக்கெல்லாம் பார்க்க எனக்கு அவ்வளவு குனிய ஏலவில்லை. மலர் பார்க்கிறாள்.

செப்ரெம்பர் 13, புதன்

பொனிப்பஸிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவனுடைய மனைவி மூலம் செய்தி: லிஃப்ற் விற்கவில்லையாம். பிள்ளை இருக்கைகள் வைத்த பொம்பிளை திரும்பி வந்தாளாம், பிரேக் செய்து கொடுத்தானாம்.

ஓட்டத்துக்கு ஆள் மாற்றக் கையெழுத்து வேண்டுமென்று மின்னஞ்சல் வந்தது. ஓட்டுநர் பெயரை அழித்துவிட்டு அவனுடைய பெயரை எழுதினேன். முழுப் பெயர் எழுத இடம் காணவில்லை, பொனிப்பஸ் யேசுரத்தினம்.

செப்ரெம்பர் 16, சனி

போகவில்லை. காலையில் எழும்பிக் குளித்து, ஓட்டத்துக்கென்று வாங்கிய சட்டையைப் போட்டேன், பிறகு கழற்றினேன். இடியப்பம் சாப்பிட்டேன். வானிலை பார்த்தேன்: அங்கே வெயில், காற்று மெல்லியது. நல்ல நாள். புல் வெட்டப் போனேன், மலர் விடவில்லை. கூடத்துக்கும் குசினிக்கும் நடந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பதிவு தொடங்கும். ஒரு மணிக்கு ரயர் சூடாக்குவார்கள். மூன்று ஸ்பிரிங்கில் இரண்டைக் கழற்றினானோ இல்லையோ? கழற்றாவிட்டால் அவனுடைய முழங்கால் தாங்காது. சொல்ல வேண்டும் என்று நாலு தரம் போனை எடுத்து நாலு தரம் வைத்தேன்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. பொனிப்பஸ். பின்னால் எஞ்சின்களின் இரைச்சல், ஒலிபெருக்கியில் யாரோ கத்துகிறார்கள்.

"பதினாலு தசம் ரெண்டு செக்கன்," என்றான்.

நான் போனைக் காதோடு அழுத்தினேன்.

"கேக்குதோ?"

"கேக்குது."

ஒரு கார் உறுமிக்கொண்டு போய் மறைந்தது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"பெடல் ஒட்டேல்லை, மச்சான்," என்றான்.

வைத்துவிட்டான். மலர் குசினியிலிருந்து எட்டிப்பார்த்து, "பொனி அண்ணையோ? என்னவாம்?" என்று கேட்டாள். பெடல் ஒட்டவில்லையாம் என்று சொல்லப் போனேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அவள் வந்து பக்கத்தில் இருந்தாள்.